பனைகளை வெட்டிய தாத்தா

திசையன்விளைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 25 வயதுப் பெண் ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தாத்தாவுக்கு 74 வயது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 22 வருடம் இருந்து, ஹவில்தாராக பென்ஷன் வாங்கி வந்தவர். அதன் பிறகு ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலர். எங்கே வேலை பார்த்தீர்கள் என்று யார் கேட்டாலும் 'அஸ்ஸாம்' என்பதுதான் பதில். ஊருக்கு வந்த வருடமே வீட்டைச் சுற்றி நின்ற ஐந்து பனைகளையும் வெட்டிச் சாய்த்துவிட்டார். பனையை நம்பிப் பிழைக்கும் தேரிக்காட்டு ஊர் அது. காய்த்துக்கொண்டிருந்த பனையை ஏன் வெட்டினார் என்று ஊர் இன்றைக்கும் பேசுகிறது. தீபாவளிக்கு முந்தின நாளே தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய்விடுவார். இரண்டு நாள் கழித்துத்தான் வருவார். குவாரியில் வேட்டு வைத்தால் கையில் இருக்கும் தம்ளர் கீழே விழும். அந்த வீட்டில் யாரும் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்வதில்லை.

ஆச்சி இருந்தவரை எல்லாம் ஒரு மாதிரி ஓடியது. இரண்டு வருடத்துக்கு முன் ஆச்சி போய்விட்டார். அதிலிருந்து தாத்தா ராத்திரி எழுந்து உட்கார்ந்து 'அடி கொல்லு, அடி கொல்லு' என்று கத்துகிறார். கை கால்களை வீசுகிறார். வெள்ளையடிக்க வந்த பையன் ஒருவன் யாழ்ப்பாணத் தமிழில் தண்ணீர் கேட்டிருக்கிறான், பக்கத்து முகாமில் வளர்ந்தவன். தாத்தா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்திருக்கிறார். கேன்டீன் கோட்டாவில் வரும் ரம்மைத் தினமும் குடிப்பவர். போன மாதம் தம்பி கோபத்தில் பாட்டில்களை எல்லாம் வாசலில் கொட்டிவிட்டான். மூன்றாம் நாள் தாத்தா, சுவரோரம் ஆட்கள் நிற்கிறார்கள் என்று கை நடுங்கக் காட்டினாராம். அக்னிவீர் தேர்வுக்குப் போக இருந்த அதே தம்பியின் அட்மிட் கார்டையும் கிழித்துப் போட்டிருக்கிறார்.

இந்தப் பெண் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். 'ஸ்ரீலங்கா' என்று பொறித்த பட்டையோடு ஒரு பதக்கம். பனங்காட்டுக்கு முன்னால் துப்பாக்கியோடு தாத்தா நிற்கும் போட்டோ. அதன் பின்புறம் பென்சிலில் 'கிளிநொச்சி 88'. அப்புறம் இவர் யூடியூபில் தேடித் தேடிப் பார்த்திருக்கிறார். இப்போது தாத்தா முகத்தைப் பார்த்துச் சோறு போட முடியவில்லை என்கிறார். 'எங்க தாத்தா கொலைகாரரா?' என்று கேட்கிறார். தூக்க மாத்திரையைச் சோற்றில் கலக்கலாமா, அத்தை சொல்கிறபடி கோயில் கொடைக்குக் கொண்டுபோய்ப் பேய் விரட்டலாமா, பென்ஷன் போய்விடுமா, இது எங்களுக்கும் வருமா, பெட்டியைத் திறந்ததைச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

ஏழு பக்கத்தில் தாத்தாவைப் பற்றியே ஆறரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவைப் பற்றி ஐந்து வரி. நான் அதிகம் திரும்பப் படித்தது அந்த ஐந்து வரியைத்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மனநலத் துறையில் இருந்தாலும், ஆளைப் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்து இன்ன நோய் என்று நான் எழுத முடியாது. ஆனால் நீங்கள் போட்டுவைத்திருக்கும் சில முடிச்சுகளை அவிழ்க்க முடியும்.

அவிழ்க்க வேண்டிய முடிச்சுகள்

'அடி கொல்லு' என்று தாத்தா கத்துவதை நீங்கள் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டீர்கள். அத்தை அதையே ஆவி பேசுவதாக எடுத்துக்கொண்டார். இரண்டுமில்லை. 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் போர் முழக்கம். நீலகிரி வெலிங்டனில் பயிற்சிக்குச் சேருகிற ஒவ்வொரு பையனும் தொண்டை கிழியக் கத்திப் பழகுவது அது. பத்தொன்பது வயதில் நாக்கில் ஏறியது 74 வயதிலும் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது தேதி. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப்படையினர் புகுந்து சுட்டதில் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் செத்துப்போனார்கள் என்பதைப் படித்திருக்கிறீர்கள். அது நடந்தது. மறைத்துப் பேச ஒன்றுமில்லை; அங்கே உறவைப் பறிகொடுத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் தாத்தா தீபாவளிக்கு ஓடி ஒளிகிறார், சம்பவமும் தீபாவளி அன்று நடந்தது, அதனால் அவர் அங்கே இருந்தார் என்று நீங்கள் கோர்த்துவிட்டீர்கள். குண்டுச் சத்தத்தில் நாள் கழித்த யாருக்கும், எந்தப் போரானாலும், தீபாவளி வெடி ஒரு வேதனைதான். 1971 பாகிஸ்தான் சண்டையிலிருந்து திரும்பியவர்களில் அந்த ராத்திரி காதில் பஞ்சு வைத்துப் படுத்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கையில் இருக்கும் போட்டோ ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறது: 88இல் ஒருநாள் அவர் கிளிநொச்சியில் நின்றார்.

அப்படியானால் அவர் எதுவும் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒருவர் செய்ததாலும் இப்படி ஆகலாம். கண் முன்னால் நடந்ததைத் தடுக்க முடியாததாலும் ஆகலாம். பக்கத்தில் படுத்திருந்த கூட்டாளி கண்ணிவெடியில் சிதறியதாலும் ஆகலாம். நோயை வைத்துக் குற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாது. போர்க் குற்றம் செய்துவிட்டு நிம்மதியாகக் குறட்டை விடுகிறவர்களும் உண்டு.

அவர் பேச முடியாமல் போன காலம்

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைக்கு அமைதி காக்கப் போனது இந்திய அமைதிப்படை. அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டுவிட்டது. 1990 மார்ச் 24இல் கடைசிக் கப்பல் கிளம்புவதற்குள் இந்தியப் படையில் ஏறக்குறைய 1,200 பேர் செத்திருந்தார்கள். பஞ்சாபியோ கூர்க்காவோ போய் நின்றதற்கும் உங்கள் தாத்தா போய் நின்றதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சோதனைச் சாவடியில் கிழவி ஒருத்தி 'தம்பி' என்று கெஞ்சினால் அது அவருக்குப் புரியும். மண்ணும் பனையும் சொந்த ஊர் மாதிரியே இருந்திருக்கும். அங்கே பனங்காடு என்பது எந்த மரத்துக்குப் பின்னாலிருந்து சுடுவார்கள் என்று தெரியாத இடம். ஊருக்குத் திரும்பினால் வாசலிலேயே ஐந்து பனை நிற்கிறது. ஏன் வெட்டினார் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். கடிதத்தில் அந்த வரிக்கு வந்தபோது மட்டும் நான் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படித்தேன்.

சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களோடு சண்டை போட்டுவிட்டு வந்த படை என்பதுதான் அன்றைக்கு இங்கே பலருடைய மனநிலை. அடுத்த வருடம், 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். அதற்குப் பிறகு ஈழம் என்ற பேச்சை எடுக்கவே ஜனங்கள் பயந்தார்கள். முதலில் சொல்லியிருந்தால் 'நம்ம ஆளையே சுட்டுட்டு வந்தவன்' என்பார்கள். பிறகு கேட்க ஆளே இல்லை. 'அஸ்ஸாம்' என்ற பொய்யை நீங்கள் ஏமாற்று என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

ஆச்சி செய்த வைத்தியம்

இத்தனை வருடம் இவ்வளவு மோசமாக இல்லாமல் இப்போது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ராத்திரி அவர் அலறும்போது ஆச்சி கிட்டே போய்த் தொட மாட்டாராம். நிலைப்படியில் நின்று செம்பைத் தட்டுவாராம். பிறகு மெதுவாக, 'நம்ம வீட்லதான் இருக்கிய. வெளிய மழை தூறுது. செவலை கத்துது பாருங்க' என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். உங்களுக்கு அது வேடிக்கையாகத் தெரிந்தது. அதிர்ச்சியின் நினைவுக்குள் மாட்டிக்கொண்டவரை இந்த நேரத்துக்கு, இந்த இடத்துக்கு, காதுக்கும் கண்ணுக்கும் தெரிகிற பொருட்களுக்குத் திரும்பக் கொண்டுவருவது இன்று நாங்கள் பாடம் எடுத்துச் சொல்லிக்கொடுக்கும் முறை. ஆச்சி அதைத் தானாகவே கண்டுபிடித்து முப்பது வருடம் செய்திருக்கிறார். 'அவிய தூங்கும்போது கிட்டப் போவாதிய' என்று உங்களைத் தடுத்தது கண்டிப்பு அல்ல, உங்கள் மேல் இருந்த அக்கறை.

இந்தக் கோளாறுக்கு மருத்துவத்தில் பி.டி.எஸ்.டி. என்று பெயர். பேரதிர்ச்சி முடிந்த பிறகும் விடாமல் தொடரும் மன உளைச்சல். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியதே 1980இல்தான். தாத்தா அதற்கு முன்பே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். நடந்தது மறுபடி நடப்பதுபோலக் கனவும் நினைவும் வருவது, அதை ஞாபகப்படுத்தும் எதையும் விட்டு விலகி ஓடுவது, எப்போதும் எதிரி வரப்போகிறான் என்பதுபோல உடம்பு விறைத்திருப்பது, மனசு மரத்துப்போய்ச் சொந்தப் பிள்ளைகளிடம்கூட ஒட்டாமல் இருப்பது. இந்த நாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருக்கும். வேலையும் குடும்பமும் இருக்கும்வரை பலர் இதை அமுக்கிவைத்து ஓட்டிவிடுகிறார்கள். ஓய்வு, மனைவியின் மரணம், உடம்பு தளர்வது, ஞாபகம் மங்குவது ஆகிய நேரங்களில் அமுக்கிவைத்த மூடி கழன்றுவிடும்.

ஆகவே இன்று ராத்திரியிலிருந்தே ஆச்சி செய்ததைச் செய்யுங்கள். தொட்டு எழுப்பாதீர்கள், உலுக்காதீர்கள், முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள். அறையில் மங்கலான ஒரு விளக்கு எரியட்டும். நிலைப்படியில் நின்று பேர் சொல்லி, ஊர் சொல்லி, என்ன கிழமை என்று சொல்லுங்கள். காலையில் அதைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.

சுவரோரம் நின்ற ஆட்கள்

கடிதத்தில் எனக்குப் பயம் தந்த இடம் இதுதான். போரில் செத்தவர்கள் வந்து நிற்பதாக நீங்கள் எல்லாரும் நினைத்தீர்கள். தினமும் குடிக்கிற 74 வயதுக்காரருக்குத் திடீரென்று சாராயம் நின்றால் இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும், வேர்க்கும், இல்லாத ஆட்கள் தெரிவார்கள், வலிப்புகூட வரலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியது. அந்த வாரம் அவர் தப்பித்தது அதிர்ஷ்டம். தம்பியைத் திட்ட வேண்டாம், அவனுக்குத் தெரியாது. இனிமேல் பாட்டிலைக் கொட்டுவது, ஒளிப்பது கூடாது. குடியைக் குறைப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதியாக, டாக்டர் மேற்பார்வையில் நடக்கட்டும்.

அவர் குடிக்கிறவர் என்ற அதே காரணத்துக்காகத்தான், தூக்க மாத்திரையை மெடிக்கலில் வாங்கிச் சோற்றில் கலக்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். அல்பிரசோலாம் மாதிரி மாத்திரையும் ரம்மும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம். வயதானவர் ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வார். ஞாபகமும் குழம்பும். இதற்கெல்லாம் மேலே, ஒருநாள் அவருக்குத் தெரிந்துவிடும். சொந்த வீட்டுச் சோற்றையும் சந்தேகப்படும் நிலைக்கு அந்த மனுஷனைத் தள்ளாதீர்கள்.

இரண்டு பொருட்களைப் பற்றிக் கேட்க வேண்டும். வங்கிக் காவலராக இருந்தவரின் லைசென்ஸ் துப்பாக்கி இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால், லைசென்ஸ் புதுப்பிப்பு என்ற சாக்கிலாவது காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வையுங்கள். இரண்டாவது, அவர் தீபாவளிக்குத் தனியாகப் போய் இருக்கும் அந்த மோட்டார் ரூமில் பூச்சி மருந்து இருக்கிறதா? எடுத்து வேறிடத்தில் பூட்டி வையுங்கள். அடுத்த தீபாவளிக்கு அவரைத் தடுக்க வேண்டாம். ஆனால் தனியாக விடாதீர்கள். யாராவது ஒருவர் கூடப் போய்ச் சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற மாதிரிப் பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள். 14416 என்பது அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண், எந்நேரமும் தமிழில் பேசலாம், நீங்களும் பேசலாம்.

கொடை, கயிறு, சாமி

அத்தையிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நம் பக்கத்தில் துர்மரணம் அடைந்தவர்களை மாடனாக்கி, வருடா வருடம் கொடை கொடுத்து, அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதை ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டில் பாடி, ஊரே கூடி அழுகிற வழக்கம் இருக்கிறது. சொரிமுத்தையனார் கோயிலில் முத்துப்பட்டனுக்குச் செய்வதும் அதுதானே. கொடூரமான சாவைச் சும்மா விட்டுவிட்டு நகர முடியாது என்பதை நம் முன்னோர் டாக்டர்களுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். தாத்தாவோடு போய்த் திரும்பாதவர்களுக்கு இங்கே எந்தப் பாட்டும் இல்லை.

அதனால் தாத்தாவே குலதெய்வத்துக்கு ஒரு விளக்கு போடணும் என்றால் கூட்டிப்போங்கள். ஆனால் அவர் கேட்காமல், மேளமும் வேட்டும் அதிர்கிற கொடை ராத்திரியில் நடுவில் உட்காரவைத்து வேப்பங்குழையால் அடிப்பது அவரை மறுபடி சண்டைக்களத்தில் கொண்டுபோய்விடும் வேலை. எங்கேயாவது கொண்டுபோய்க் கட்டிவைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது இன்று சட்டப்படி குற்றம்.

டாக்டரிடம் போவது

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சுயமாக யோசித்து முடிவெடுக்கக்கூடியவருக்கு அவர் சம்மதம் இல்லாமல் வைத்தியம் செய்ய முடியாது. தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்கிற நிலை, தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலை என்று வந்தால்தான் குடும்பத்தின் கோரிக்கையில் சேர்க்க வழி உண்டு, அதற்கும் இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் தாத்தா இன்னும் அந்த இடத்தில் இல்லை. ஆகவே அவரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எப்படிக் கேட்பது? 'உங்களுக்கு மனசு சரியில்லை' என்று ஆரம்பித்தால் அங்கேயே முடிந்தது. தூக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். 'ராத்திரி தூக்கமே இல்லையே தாத்தா, தூக்கத்துக்குப் பார்ப்போமா' என்றால் பெரும்பாலான பட்டாளத்தார் வருவார்கள். இது ஏமாற்றும் அல்ல. தூக்கம் உண்மையிலேயே கெட்டிருக்கிறது. முன்னாள் படைவீரர் சுகாதாரத் திட்டத்தின் இ.சி.எச்.எஸ். கார்டு இருந்தால் அதன் பாலிகிளினிக்கில் காட்டி மனநல மருத்துவருக்கு எழுதி வாங்கலாம். கார்டு இல்லை என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

போகும்போது ஒரு நோட்டில் இரண்டு வாரக் கணக்கு எழுதி எடுத்துப்போங்கள்: எத்தனை மணிக்கு அலறினார், என்ன சொன்னார், கை கால் வீசினாரா, அன்று எவ்வளவு குடித்தார். காரணம் இருக்கிறது. வயதான ஆண்கள் கனவில் செய்வதை உடம்பால் செய்துகாட்டும் இன்னொரு தூக்கக் கோளாறு உண்டு. அது சிலருக்குப் பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறி. மோப்பம் குறைந்திருக்கிறதா, நடை மெதுவாகிவிட்டதா, விரல் நடுங்குகிறதா, பேர் மறக்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் போரின் மேலேயே போட்டுவிட்டால் வேறு நோயைக் கோட்டைவிட்டுவிடுவோம்.

மருந்து என்றால் பெரும்பாலும் செர்ட்ரலின் போன்ற ஒன்றைச் சின்ன அளவில் தொடங்குவார்கள். பலன் தெரிய சில வாரம் ஆகும். வயதானவர்களுக்கு அதில் ரத்தத்தில் சோடியம் குறையலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை கேட்டால் செய்துவிடுங்கள். மருந்தைவிடப் பலன் தரக்கூடியது, பயிற்சி பெற்றவரிடம் கொஞ்சம் கொஞ்சமாக நினைவுகளை எடுத்துப் பேசும் உளவியல் சிகிச்சை. அவர் தயாரானால்தான் அது நடக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வயதான சுபேதாரிடம் இரண்டாவது சந்திப்பிலேயே 'நீங்கள் யாரையாவது சுட்டிருக்கிறீர்களா' என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று, வணக்கம் சொல்லி, வெளியே போனார். திரும்பி வரவே இல்லை. அந்தக் கேள்வியை இன்றுவரை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. நீங்களும் கேட்காதீர்கள். கதை தெரிந்தால்தான் உதவ முடியும் என்பது உங்கள் எண்ணம். ஆச்சி ஒரு வார்த்தை கேட்காமல்தான் முப்பது வருடம் உதவினார்.

அப்பாவைப் பற்றிய ஐந்து வரி

1988 தீபாவளி லீவில் தாத்தா வந்திருந்தபோது, பதின்மூன்று வயதுப் பையனாக இருந்த அப்பா அவருக்குப் பின்னால் லட்சுமி வெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டார். தாத்தா திரும்பிய வேகத்தில் அவரைத் தரையில் அடித்து அழுத்தி, கழுத்தைப் பிடித்தார். ஆச்சி செம்பை வீசித்தான் கை விடுபட்டது. தோள் எலும்பு விலகியது. இன்றும் அப்பாவால் இடது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. மாட்டுவண்டியிலிருந்து விழுந்ததாக ஊருக்குச் சொன்னார்கள். அத்தை போன வருடம்தான் உங்களிடம் உண்மையைச் சொன்னார்.

இதை எழுதிவிட்டு, 'அப்பா எதிலும் பட்டுக்கொள்ள மாட்டார், கஞ்சன், எங்களுக்கு வெடிகூட வாங்கித் தந்ததில்லை' என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வரியையும் சேர்த்து ஒருமுறை படித்துப் பாருங்கள், அம்மா.

அந்த வீட்டில் போருக்குப் போகாமலேயே போரில் அடிபட்டவர் அவர்தான். தாத்தாவுக்காவது ஒரு பதக்கம் இருக்கிறது. எந்தச் சத்தத்துக்கு அடி விழும் என்று தெரியாத வீட்டில் வளர்கிற பிள்ளை, அப்பாவின் முகத்தைப் பார்த்தே நாளைக் கணிக்கப் பழகுகிறது. பெரியவனானதும் 'நான் அவரை மாதிரி ஆகிவிடக் கூடாது' என்று கையையும் கட்டி வாயையும் கட்டிக்கொள்கிறது. உங்கள் அப்பா உங்களை ஒருநாளும் அடித்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தானாக வந்த குணம் என்று நினைக்காதீர்கள். இதோடு, தாத்தாவின் நோய் அப்பாவுக்கு நடந்ததை நியாயப்படுத்தாது என்பதையும் சொல்ல வேண்டும். காரணம் புரிந்துவிட்டது என்பதற்காக மன்னித்தே ஆக வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்கக் கூடாது, நீங்களும்கூட. தாத்தாவைக் கூட்டிப்போகும் பொறுப்பை அப்பா தலையில் கட்டாதீர்கள். அவர் ஒருமுறை தனியாக வந்து எங்களில் யாரிடமாவது பேச விரும்பினால், அதற்கு ஐம்பது வயது ஒன்றும் தாமதமில்லை.

மிச்சக் கேள்விகள்

வைத்தியம் பார்த்தால் பென்ஷன் நிற்காது. அது அவர் செய்த சேவைக்கு வருவது. டாக்டரும் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். ஊனமுற்றோர் பென்ஷன் கேட்கலாமா என்றால், இத்தனை வருடம் கழித்து, பணியால்தான் வந்தது என்று நிரூபிப்பது கடினம். ஆனாலும் டிஸ்சார்ஜ் புக்கோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் வக்கீல் இல்லை, இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இது அப்படியே ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு வரும் நோய் அல்ல. வீட்டின் காற்றில் இருக்கும் பயம்தான் பிள்ளைகளுக்கு ஒட்டும். நீங்கள் எல்லாரும் வாசலைப் பார்த்தே உட்கார்கிறீர்களே, அது மாதிரி. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டாரிடம் அறிவிக்க வேண்டிய விஷயமாக எனக்கு இது தோன்றவில்லை.

தம்பி விஷயத்தில், அட்மிட் கார்டைக் கிழித்தது தப்பு. ஆனால் அந்த வீட்டில் பட்டாளத்தைப் பற்றித் தாத்தா மனம் திறந்து சொன்ன ஒரே சொல் அதுதான் என்றும் பார்க்கலாம். போவதா வேண்டாமா என்பதைத் தம்பிதான் முடிவு செய்ய வேண்டும்.

பெட்டி

திறந்ததைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் வீட்டில் இன்னொரு அஸ்ஸாம் சேரும். செல்போனில் எடுத்து வைத்திருக்கும் போட்டோவை யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள். காலை நேரம், அவர் குடிக்காத நேரம், முற்றத்தில் உட்கார்ந்திருக்கும்போது எதிரே வந்து உட்காருங்கள், பின்னாலிருந்து வராதீர்கள். 'தாத்தா, உங்க பெட்டியக் கேக்காமத் திறந்துட்டேன். அது தப்புதான். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். என்னைக்காவது சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க, இல்லன்னாலும் பரவால்ல' என்று சொன்னால் போதும். கோபப்படலாம், எழுந்து மோட்டார் ரூமுக்குப் போய்விடலாம், ஒரு வாரம் பேசாமலும் இருக்கலாம். விட்டுவிடுங்கள், வழக்கம்போலச் சோறு போடுங்கள். பெட்டிச் சாவியை மட்டும் திண்ணையில் வைத்துவிட்டு வராமல், அவர் கையில் கொடுங்கள்.